தோள் இறங்கிய பக்கம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் எலும்பு டாக்டரின் காத்திருப்பு அறை. தங்கையின் வலது முழங்கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை. அவளுக்குக் கணவர், அவளுடைய டென்னிஸ் பயிற்சியாளரும் அவர்தான். பதற்றத்தில் பந்துக்கூடையையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எக்ஸ்ரே அறை எங்கே என்று கேட்க அவர் எழுந்து போனதும் தங்கை என் பக்கம் சாய்ந்தாள்.

“அண்ணா, நீதான் கதை எழுதுறவனாச்சே. ஆளைப் பார்த்தே மனசுல இருக்கிறதைச் சொல்லிடுவேன்னு பீத்திக்குவியே. இப்பச் சொல்லு. இவர் வேணும்னே செஞ்சாரா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுதுகிறேன். தெரிந்திருந்தால் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்திருப்பேன், இல்லையென்றால் தங்கையை வாயை மூடு என்று அதட்டியிருப்பேன். இரண்டுக்கும் தாள் தேவையில்லை.

(ஒரு எச்சரிக்கை. மாப்பிள்ளையை நான் ‘அவர்’ என்றுதான் சொல்வேன். நடுவில் ‘அவன்’ என்று வந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தப்போவதில்லை.)

2

முதல் தொடக்கம்: விடியற்காலைப் பனியில் நனைந்த கோர்ட்டில் அவள் தன்னந்தனியாக

அடித்துவிட்டேன். விளையாட்டுக் கதை என்றால் விடியலில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ. இவர்கள் பயிற்சி செய்தது கொளுத்தும் மத்தியானத்தில். அப்போதுதான் கோர்ட் காலியாக இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: அந்தப் பெண்ணின் கால்களைப் பற்றிச் சொல்வதென்றால்

ஒரு அண்ணன் எழுதுகிற வாக்கியமா இது.

‘காலை வாரியவர்’ என்று ஒரு தலைப்பும் வைத்துப் பார்த்தேன். மலிவாக இருந்தது. எழுதிய இரவில் மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது.

சரி, நேராகப் பயிற்சிக்கே போய்விடுகிறேன். டென்னிஸில் கை கடைசியில் வந்து பெயரை வாங்கிக்கொள்கிறது, வேலை முழுக்கக் காலுடையது என்பார் மாப்பிள்ளை. அதனால் ராக்கெட்டை உறையிலிருந்து எடுக்கவே நேரமாகும். தரையில் பட்டையால் ஆன ஏணியை விரித்து, கட்டத்துக்குள் கட்டம் கால் வைத்து, பட்டையை மிதிக்காமல் ஓட வேண்டும். பிறகு முழங்காலை மடக்கியபடியே கூம்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் போய்வர வேண்டும். அப்புறம் கனமான பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்க வேண்டும். தங்கை இதையெல்லாம் முணுமுணுக்காமல் செய்வாள். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் ஒன்பது காரணம் சொல்கிறவள்.

கடைசியாகத்தான் கூடைப் பயிற்சி. மாப்பிள்ளை வலைக்கு அந்தப் பக்கம் கூடையோடு நிற்பார். பந்தைக் கையால் இடப்பக்கமோ வலப்பக்கமோ வீசுவார். வீசும் நேரத்தில் இவள் நின்ற இடத்திலேயே சின்னதாக ஒரு குதி குதிக்க வேண்டும். பாதம் தரையைத் தொடும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூளைக்கு மெதுவாகத் தெரிந்தால் போதும்.

ஒரு பந்தைக்கூட அவள் விட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“பந்து என் கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே கால் போயிடுது பாருங்க, மச்சான்” என்று பூரித்துப்போவார் மாப்பிள்ளை.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். தப்பு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

3

தங்கைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வரப்போகிற அணித் தேர்வுதான் கடைசி வாய்ப்பு என்பது அவளுக்கும் தெரியும். அதற்கு முன்னோட்டமாக ஒரு சிறிய போட்டியில் ஆடினாள். எதிரில் ஆடியது பள்ளிக்கூடத்தை இப்போதுதான் முடித்த ஒரு பெண், பெரிய ஆட்டக்காரி ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் தங்கை அரை நொடி தாமதம். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தோற்று வெளியே வந்தாள்.

வந்தவள் அழவில்லை. எதிராளியின் பயிற்சியாளரிடம் போனாள். அகலத் தொப்பி போட்ட ஒரு அம்மாள். “எனக்குக் கொஞ்சம் கையால வீசுறீங்களா?” என்று கேட்டாள். தொப்பிக்காரம்மா வீசினார். தங்கை நேற்றுதான் ராக்கெட் பிடித்தவள் மாதிரி தடுமாறினாள். அடுத்து மாப்பிள்ளையை வீசச் சொன்னாள். ஒன்று விடாமல் எடுத்தாள். பிறகு அவரையே கோர்ட்டின் பச்சைத் துணித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, துணிக்கு மேலாக வீசச் சொன்னாள். ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை.

“ஏங்க, நான் உங்க தோளைத்தான் படிச்சிருக்கேன். பந்தைப் படிக்கவே இல்ல.”

மாப்பிள்ளை சிரித்தார். தொப்பிக்காரம்மா சிரிக்கவில்லை. “ஆமா சார். எந்தப் பக்கம் வீசப்போறீங்களோ அந்தப் பக்கத் தோள் ஒரு நூல் இறங்குது. இங்கிருந்தே தெரியுது.”*

* வீட்டிலும் அதே தோள்தான். மாப்பிள்ளை எதையாவது மறுக்கப் போகிறார் என்றால் முதலில் இடது தோள் இறங்கும், அப்புறம்தான் வாயிலிருந்து ‘பார்க்கலாம்’ வரும். அதற்குள் தங்கை பேச்சை மாற்றிவிடுவாள். புருஷன் வாயைத் திறக்கும் முன்பே அவன் மனதைத் தெரிந்துகொள்கிற பெண் என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் மனைவிக்கு நான் வாயைத் திறந்து சொன்னாலும் புரிவதில்லை.

திரும்பி வரும்போது காரில் தங்கை சொன்னாள். “தேர்வு முடியுற வரைக்கும் அந்தம்மாகிட்டப் போறேங்க. திங்கக்கிழமையிலேர்ந்து.”

“பார்க்கலாம்” என்றார்.

“பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பேசிட்டேன்.”

4

அது நடந்தது ஞாயிற்றுக்கிழமை.

‘கடைசியா ஒரு தடவை நம்மளே பண்ணலாம்’ என்று கூப்பிட்டது அவர்தான். ஏணி, கூம்பு, கனப்பந்து எல்லாம் வழக்கம்போல முடிந்தன. கூடைப் பயிற்சியில் இடது தோள் இறங்கியது. அவள் குதித்து, காலை ஊன்றி, அந்தப் பக்கம் பாய்ந்தாள். பந்து மறுபக்கம் போனது. உடம்பு திரும்பியது, ஊன்றிய கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்கிறாள்.

ஏமாற்றி வீசுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வதுதான். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மெதுவாக ஆரம்பித்து, பிறகுதான் வேகம் கூட்டுவார்கள். இதை எனக்கு ஒரு காலத்தில் விளக்கிச் சொன்னதும் மாப்பிள்ளைதான்.

“ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா அது எப்படி மச்சான் ஏமாத்து ஆகும்?”

யோசித்துப் பாருங்கள். நல்ல பயிற்சியாளரும் இதையேதான் சொல்வார். கெட்ட புருஷனும் இதையேதான் சொல்வான்.

இங்கே என் பாத்திரம் என் கையை விட்டு நழுவுகிறது. மாப்பிள்ளையை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பொறாமைக்காரர். [மனைவி வேறொருவரிடம் போவதைத் தாங்க முடியாமல் அவன்] இன்னொன்றில் தன் தப்பைத் தானே சரிசெய்யத் துடிக்கிறவர். [தான் கெடுத்த கால்களைத் தானே மீட்டுத் தர வேண்டும் என்று அவர்] இரண்டும் பாதியில் நிற்கின்றன. இரண்டிலும் அதே ஆள், அதே சட்டை, அதே பந்து.

“கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன், மச்சான்” என்று அவரே சொன்னார். “தோளை அடக்கிப் பார்த்தேன், முடியல. அதனால தோளை ஒரு பக்கம் விட்டுட்டு, பந்தை மறுபக்கம் வீசப் பழகினேன். அவ நல்லா வரணும்னுதான்.”

அப்படியானால் தற்செயல் இல்லை. தயாராகித்தான் வந்திருக்கிறார். எதற்குத் தயாரானார் என்பதுதான் கேள்வி. அந்தக் கண்ணாடியைக் கேட்டு எழுத முடிந்தால் கதை முடிந்துவிடும்.

5

முடிவு ஒன்று: அவன் அழுது ஒப்புக்கொள்கிறான். (இது என் ஆசை. ஆசையை முடிவு என்று விற்கக் கூடாது.)

முடிவு இரண்டு: அவள் மன்னித்து, இருவரும் கோர்ட் ஓரமாகக் கைகோர்த்து (வாந்தி வருகிறது.)

முடிவு மூன்று: தொப்பிக்காரம்மாவிடம் பயிற்சி எடுத்து அடுத்த வருடம் அவள்

இல்லை. டாக்டர் சொல்லிவிட்டார். மாடிப்படி ஏறலாம், கடைக்குப் போகலாம். ஓடி நின்று திரும்புகிற ஆட்டமெல்லாம் இனிமேல் வேண்டாம் என்றார். தேர்வு நடந்து முடிந்தும் விட்டது. யாரோ தேர்வானார்கள். தங்கை அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

6

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே மாப்பிள்ளை, கையில் ஒரு பந்து. உட்கார்ந்தபடியே பிடிக்கிற பயிற்சியாம். கைக்காவது வேலை இருக்கட்டும் என்று அவர்தான் ஆரம்பித்திருக்கிறார். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறார், முழங்கால் கட்டை அவிழ்த்துக் கட்டுகிறார். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் வீசுவதற்குள் தங்கை கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“ஏங்க, வேணும்னேதான் செஞ்சீங்களா?”

மாப்பிள்ளையின் தோள் இறங்கியது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“முன்னெல்லாம் நீங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே எனக்குப் பதில் தெரிஞ்சிடும்” என்றாள். “இப்ப உங்க தோளையும் நம்ப முடியல.”

அவர் ஏதோ பதில் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், அல்லது நம்பமாட்டீர்கள். இரண்டுமே உங்களுக்குச் சுலபம். நீங்கள் அந்த வீட்டில் இருக்க வேண்டியதில்லை. வேண்டுமானால் நீங்களே ஒரு பதிலை எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

நீங்கள் எதை எழுதினாலும் அடுத்து நடந்தது இதுதான். தங்கை வலது கையை மடியின் நடுவில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல், விரித்து வைத்துக்கொண்டாள்.

“வீசுங்க” என்றாள்.

அவர் வீசினார். அவள் அவருடைய தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. பந்து அவர் விரலை விட்டுக் கிளம்பும் வரை அவள் கை அசையவே இல்லை. பிறகு போய்ப் பிடித்தது.

“இப்பதான் சரியாப் பார்க்கிற” என்றார் மாப்பிள்ளை.