படுக்கப் போட்ட சுமைதாங்கி

திருப்பதி பஸ்ஸைக் காணோம். கங்கம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையில் முப்பது நகரிச் சேலை கொண்ட மூட்டை. கழுத்து விண்விண்ணென்று தெறித்தது.

ஆந்திர ராஜ்யம் வந்த மறு வருஷம் இங்கே பஸ் ஷெட் கட்டினார்கள். அதற்கு முன்னால் தலை உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நின்றது. மூட்டையை அதன்மேல் தள்ளிவிட்டு நிற்கலாம்; பஸ் வந்ததும் யார் தயவும் இல்லாமல் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கல்லைப் பிடுங்கி ஷெட்டுக்குள் பெஞ்சாகப் படுக்கப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து சனம் அரை மைல் நடந்துபோய், மதகுச் சுவரில் மூட்டையை வைத்துக் காத்திருந்து பஸ் ஏறியது. இன்றுமுதல் மதகடியில் பஸ் நிற்கக் கூடாதென்று உத்தரவு; அதனால் கங்கம்மாள் ஷெட்டடியிலேயே நின்றாள்.

ஷெட் கட்டிய ஓவர்சியர் பார்வையிட வந்தார்.

“ஏம்மா நின்னுக்கினே கீற? ஒக்காரத்தானே பெஞ்சி போட்டிருக்குது!”

“கீழ எறக்கினா திரும்ப யாரு நைனா தூக்கிவுடுவா?”

“அதையெல்லாமா பிளான்ல போடுவாங்க?”

கங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நெட்டை ஆள், அவள் தலை அவர் தோளுக்குத்தான் வந்தது. விறுவிறுவென்று கிட்டே போய், கழுத்தைச் சாய்த்து, மூட்டையை அப்படியே அவர் தோள்மேல் தள்ளினாள்.

“பஸ்சு வர்ற வரிக்கும் அசையாத நில்லு, நைனா.”