கதவு எண் பதினான்கின் பழைய கட்டணம்

இஸ்திரிக்கடைக்காரர் மின்கட்டணக் கூட்டத்தில் ஆட்சேபணை சொல்ல எழுந்து ஒன்பது வருடம் வாய் திறக்காமல் நின்றதால், அந்த ஊருக்கு அந்த ஒன்பது வருடமும் ஒரே வருடமாகக் கழிந்தது. வெளியூர்களில் காலம் வழக்கம்போல் போனது. பிழைக்கப் போன தம்பிகள் அண்ணன்மாரைவிட நரைத்துத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் இரண்டு நாள் வியந்துவிட்டு, மூன்றாம் நாள் மின்விசிறி இப்படிச் சத்தம் போடுகிறதே, கொஞ்சம் எண்ணெய் விடக்கூடாதா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த ஊரில் வருடம் என்றால் கட்டண வருடம்தான். அணை பொதுச்சொத்து, அதிலிருந்து எடுக்கும் மின்சாரமும் பொதுச்சொத்து, ஆகவே அதன் விலையை வருடத்துக்கு ஒருமுறை பொதுவில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அணைச்சுவரில் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வருபவரை ஊரில் அடிக்காரர் என்பார்கள். அவர் கூட்டத்தில் எழுந்து அடியைச் சொல்வார். தண்ணீர் குறைந்தால் விலை ஏறும், நிறைந்தால் இறங்கும். கட்டண அதிகாரி புது விலையை வாசிப்பார். ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். எல்லா ஆட்சேபணைகளையும் முழுதாகக் கேட்டு முடித்த பிறகே ஆணையில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்த நொடியில் பழைய வருடம் முடிந்து புது வருடம் பிறக்கும். அணையைக் கட்டியவர்கள் எழுதிய விதி இது. சிமெண்டை எவ்வளவு கெட்டியாகப் போட்டார்களோ விதியையும் அவ்வளவு கெட்டியாகப் போட்டிருந்தார்கள்.

ஆட்சேபணை சொல்ல வருடாவருடம் ஒருவர்தான் எழுவார். பெட்டியைச் சூடாக்கியே பிழைக்கிற இஸ்திரிக்கடைக்காரர், கையை முன்னால் கட்டிக்கொண்டு, "இந்த ஏத்தம் எங்களுக்குத் தாங்காதுங்க" என்பார். 'தாங்காதுங்க' முடியும்போது அதிகாரி 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். முப்பது வருடத்தில் அதிகாரி எந்த ஆட்சேபணையையும் ஏற்றதில்லை. இஸ்திரிக்கடைக்காரரும் அதை எதிர்பார்த்ததில்லை. ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் தண்ணீர் தொண்ணூற்று நான்கு அடியில் நின்றது. யூனிட்டுக்கு ஆறு காசு ஏற்றம் என்று அதிகாரி வாசித்தார். அன்று காலையில்தான் இஸ்திரிக்கடைக்காரர் மனைவியை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். வயிற்றில் கட்டி. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இந்த வருடத்தைத் தாண்டமாட்டார் என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு நாற்பத்தோரு வயது. இஸ்திரிக்கடைக்காரர் வழக்கம்போல் எழுந்தார், கையைக் கட்டினார், வாயைத் திறந்தார். அப்போது அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றுவது கண்ணில் பட்டது. தன் வாக்கியம் முடிந்தால் என்ன ஆகும் என்பது முப்பது வருடத்தில் முதன்முறையாக அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஐந்து மணி வரை பார்த்துவிட்டு அதிகாரி கூட்டத்தை மறுநாளுக்கு ஒத்திவைத்தார். மறுநாளும் இஸ்திரிக்கடைக்காரர் பத்து மணிக்கு வந்து நின்றார். அவர் ஏன் நிற்கிறார் என்பது இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. விதிப்படி கூட்டத்தில் நடப்பதையெல்லாம் எழுத வேண்டும் என்பதால் சுருக்கெழுத்துக்காரம்மா அவருடைய மௌனத்தை எழுதத் தொடங்கினாள். முதல் வாரம் 'மௌனம், பதினோரு நிமிடம், இருமல், மௌனம்' என்று மட்டும் எழுதினாள். போகப்போக அது போதவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பேசாமல் விட்டதற்கு ஒரு குறி, சொல்ல நினைத்து விழுங்கியதற்கு ஒரு குறி, சொல்வதற்கே ஒன்றும் இல்லாமல் சும்மா இருந்ததற்கு ஒரு குறி என்று இருபத்தேழு குறிகளை உண்டாக்கினாள். எல்லா மௌனமும் ஒன்றல்ல என்பதை, அதைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தான் அறிவார்கள். அவளுக்கு அப்போது ஒன்பதாவது மாதம்.

வருடம் நகராததால் மற்றவையும் நகரவில்லை. நாள்காட்டியின் கடைசித் தாளைக் கிழித்தால் அடியில் அதே தாள் இருந்தது. நகம் வளரவில்லை. பள்ளியில் அதே வகுப்பு அதே பாடத்தைப் படித்தது, நான்காவது வருடத்தில் கரும்பலகையே அதை ஒப்பிக்கும்போல் இருந்தது. மழை பெய்தது, தண்ணீர் தொண்ணூற்று நான்கைத் தாண்டவில்லை. மின்நிலையத்தின் வழியாகக் கீழே போன தண்ணீர் மறுநாள் காலையில் மேலே இருந்தது. அது எந்த வழியாகத் திரும்பியது என்று பார்க்க அடிக்காரர் ஒருநாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார். அதன் பிறகு அணைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே அடியைச் சொன்னார், அதுவும் சரியாகவே இருந்தது. ஊரில் யாரும் சாகவில்லை, யாரும் பிறக்கவுமில்லை. மருத்துவச்சியும் குழி வெட்டுபவரும் வேலை இல்லாமல் தினமும் மதியம் தாயக்கட்டை உருட்டினார்கள்.

கிழவர்கள் இஸ்திரிக்கடைக்காரருக்குத் தேநீர் வாங்கித் தந்து, அவசரமே இல்லை, நிதானமாக யோசித்துச் சொன்னால் போதும் என்றார்கள். ஓய்வு பெறப் பதினெட்டு நாள் இருந்த அதிகாரிக்கு அந்தப் பதினெட்டு நாள் அப்படியே இருந்தது. யாருக்கும் முடி வளராததால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த முடிவெட்டுபவர்தான் முதலில் பொறுமை இழந்தார். கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, "அண்ணே, ஒரு தும்மலாவது தும்முங்க. அதையே ஆட்சேபணைன்னு எழுதிக்கச் சொல்றேன்" என்றார். இஸ்திரிக்கடைக்காரர் அன்று முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுருக்கெழுத்துக்காரம்மா அதற்கு இருபத்தெட்டாவது குறியைப் போட்டாள்.

அவர் கூட்டத்தில் நின்ற நேரத்தில் மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. காலையில் பெட்டியைச் சூடாக்கும்போது வரும், மதியம் மங்கும், சாயங்காலம் காலர்களை மடிக்கும்போது திரும்ப வரும். கணவர் வீட்டுக்கு வந்தபின்னும் அதிகம் பேசுவதில்லை. பகலெல்லாம் அடக்கியது இரவில் எளிதாக அவிழ்ந்துவிடுமா? இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தனக்காகத்தான் அவர் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் அந்த மேசையில் எதையும் வைக்க இடமில்லை.

ஒன்பதாவது வருடத்தில் ஒருநாள் சுருக்கெழுத்துக்காரம்மா இஸ்திரிக்குத் துணி கொண்டுவந்தாள். இடுப்புத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிய அதே நான்கு அங்கிகள். ஒன்பது வருடம் தேய்த்துத் தேய்த்து அவற்றின் வழியாகத் தெரு தெரிந்தது. இஸ்திரிக்காரர் மனைவி ஒன்றை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ளே அசையுதா?" என்று கேட்டாள்.

"அசையுதுக்கா. அதே அசைவுதான். வலது பக்கம் ஒரு உதை, அப்புறம் சும்மா. ராத்திரி ஒரு விக்கல்." சுருக்கெழுத்துக்காரம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் சொல்ல வரலைக்கா. துணி குடுக்கத்தான் வந்தேன்."

"நீ சொல்லமாட்டே. இந்த ஊர்ல யாரும்தான் சொல்லமாட்டீங்களே." அவள் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். "ஒம்பது வருஷமா ஒரே வலிம்மா. புதுசா ஒரு வலி வந்தாக்கூடத் தேவலைன்னு ஆயிடுச்சு."

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் கூட்டத்துக்குள் வந்தாள். இஸ்திரிக்கடைக்காரர் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறி, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, சொல்லிட்டு உக்காருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "நான் போறதுக்குள்ள ஒரு குழந்தையைப் பார்க்கணுங்க. ஊர்ல குழந்தை அழுது எவ்வளவு நாளாச்சு." அவர் மறுபடியும் தலையை ஆட்டினார், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சுருக்கெழுத்துக்காரம்மாவின் பென்சில் சற்று நின்றது. அதற்கு அவளிடம் குறி இல்லை.

இஸ்திரிக்காரர் மனைவி அதிகாரி பக்கம் திரும்பி, அவருக்குப் பதிலாகத் தான் சொல்லலாமா என்று கேட்டாள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஆட்சேபிக்கலாம் என்று அதிகாரி சொன்னார். சொன்ன பிறகு, தான் சொன்னதே அவரை உறுத்தியது. இணைப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து விரலை ஓட்டினார். கடையின் இணைப்பு கடையை வாடகைக்கு விட்டவர் பெயரில் இருந்தது. கதவு எண் பதினான்கு, அவள் அப்பா கட்டிய வீடு, அதன் இணைப்பு அவள் பெயரில் இருந்தது. இஸ்திரிக்கடைக்காரர் பெயரில் ஊரில் ஒரு விளக்குகூட இல்லை. முப்பது வருடம் பேசுவதற்கும், ஒன்பது வருடம் பேசாமல் இருப்பதற்கும் அவருக்கு உரிமையே கிடையாது. அறையில் இருந்தவர்களுக்கு வியர்த்தது. அப்படியானால் இந்த ஒன்பது வருடமும் செல்லாது. செல்லாத வருடங்களில் குடித்த தேநீரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அதிகாரி நெடுநேரம் யோசித்தார். கணவரின் மௌனத்தை மனைவியின் மௌனமாக எடுத்துக்கொள்வதாகவும், இப்போது அவள் அதைத் தொடரலாம் என்றும் அறிவித்தார்.

"உங்க ஆட்சேபணை என்னம்மா?"

"ஊருக்கு எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க. வருஷத்தை முடிங்க. எங்க வீட்டுக்கு மட்டும் பழைய கட்டணமே இருக்கட்டும். பழைய வருஷத்துக் கட்டணம்."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆட்சேபணையை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கலாம் என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. ஏழாம் பக்கத்தை அவர் அதுவரை திறந்ததே இல்லை, ஓரங்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் பிரித்துப் படித்துவிட்டு, 'கதவு எண் பதினான்குக்கு மட்டும் சென்ற ஆண்டின் கட்டணம் தொடரும்' என்று ஆணையில் ஒரு வரி சேர்த்தார். பேனாவைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். அந்த வரி வீட்டைத்தான் காப்பாற்றும், வெளியே நிற்பவளை அல்ல.

"கிளம்புங்கம்மா" என்றார். "நீங்க வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நான் பேனாவைத் தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டிருக்கேன்." பேனாவைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். அடிக்காரரும் முடிவெட்டுபவரும் உதவிக்குக் குனிந்தார்கள்.

வீடு பத்து நிமிட நடை. அவர்கள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். இனி அவள் வாசலைத் தாண்ட முடியாது என்பது இருவருக்கும் புரிந்திருந்தது. அவள் நூற்கண்டு வாங்கினாள். யாருடைய வீட்டுச் சுவரையோ தடவிப் பார்த்தாள். மின்நிலையத்திலிருந்து வரும் வாய்க்காலில் இறங்கி முழங்கால் வரை நின்றாள். மின்சாரம் எடுத்துவிட்ட தண்ணீர் அது, அதற்கு யாரும் விலை வைப்பதில்லை. இஸ்திரிக்கடைக்காரர் கரையில் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருடத்துப் பேச்சையும் பேசினார். பெரும்பாலும் கடைச் சமாச்சாரம். அவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைத் திறந்தபடி வைத்து, கூடத்து விளக்கைப் போட்டாள். கூட்ட அறையின் ஜன்னலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சொன்னதும் அதிகாரிக்குப் பேனா கிடைத்தது.

கையெழுத்து விழுந்ததும் சுருக்கெழுத்துக்காரம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். தாயம் போட்டுக்கொண்டிருந்த மருத்துவச்சியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை. தேநீர் வாங்கித் தந்த கிழவர்களில் இருவர் அந்த வாரமே புகார் ஏதுமில்லாமல் இறந்தார்கள். முடிவெட்டுபவர் கடைக்கு வரிசை நின்றது. பதினெட்டாம் நாள் அதிகாரி ஓய்வு பெற்றார். அடுத்து வந்த அதிகாரி பதினான்காம் எண்ணைப் பிழை என்று நினைத்து நீக்கப் போனார். நேரில் பார்த்துவர வேண்டும் என்று வீட்டுக்குள் போய், தேநீர் குடித்துவிட்டு வந்து, அதே வரியை மறுபடியும் எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆணையிலும் அது தானாக ஏறிவிடுகிறது. மீட்டர் பார்ப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் அதே எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறார். வெளியே வரும்போது கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருக்கும், படியில் நின்று திருத்திக்கொள்வார்.

அவளுக்கு அந்த வலி அப்படியே இருக்கிறது, அவளும் அப்படியே இருக்கிறாள். இஸ்திரிக்கடைக்காரருக்குக் கடையில் நிற்கும் எட்டு மணி நேரம் மட்டும் வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. இப்படி நாற்பது வருடத்தில் அவருக்குப் பதினோரு வயது கூடியிருக்கிறது. கடையை மூடிவிட்டு முழுநாளும் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்டால், சட்டைகளை யார் தேய்ப்பது என்பார்.

சுருக்கெழுத்துக்காரம்மாவின் மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறாள். முதலில் பெரியம்மா என்று கூப்பிட்டாள். இருபத்தைந்து வயதில் அது வாயில் வராமல் அக்கா என்று மாற்றிக்கொண்டாள். இப்போது அவளுக்கு நாற்பது. தண்ணீர் இந்த வருடம் நூற்றிரண்டு அடி, விலை கொஞ்சம் இறங்கும் என்கிறார்கள். ஆணை வந்துவிட்டால் எனக்கும் நாற்பத்தொன்று, இருவருக்கும் ஒரே வயது, அதற்குப் பிறகு பெயர் சொல்லியே கூப்பிடப்போகிறேன் என்று போன வாரம் அவள் சொன்னாள். இஸ்திரிக்காரர் மனைவி சரி என்றுவிட்டாள்.