சூடம் இல்லாத சத்தியம்

முதல் வெட்டு குழந்தைசாமியின் வலது கையில் விழுந்தது. மடையைத் திறந்த கை அது. மணிக்கட்டோடு துண்டாகிக் கண்மாய்த் தண்ணீருக்குள் போய் விழுந்தது. அடுத்த வெட்டு கழுத்தில். வெட்டியவன் பண்ணை சிவசாமி. பட்டப்பகலில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வாழைத்தார் அறுக்கிறவன் மாதிரி நிதானமாக வெட்டினான்.

குழந்தைசாமி ஊர்க் கண்மாயிலிருந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிறவர். அந்த வருஷம் குன்றாண்டார்கோவில் பக்கமெல்லாம் மழை ஏய்த்துவிட்டது. இருக்கிற தண்ணீர் முழுக்கத் தன் வயலுக்கே வரவேண்டும் என்று சிவசாமி சொல்லியனுப்பினான். குழந்தைசாமி கேட்கவில்லை. சின்ன வயல்காரர்களுக்கும் மடையைத் திறந்துவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். சமஸ்தானம் முடிந்து, சுதந்திரமும் வந்து, ஓட்டுப் பெட்டிகூட ஊருக்குள் வந்துபோய்விட்டது. பண்ணை மட்டும் எங்கேயும் போகவில்லை.

கரையில் நின்று இதைப் பார்த்தவர்கள் ராக்கனும் அவன் தம்பி மதுரைவீரனும். ராக்கன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். தம்பிதான் பாய்ந்து போய், உயிர் துடித்துக்கொண்டிருந்த குழந்தைசாமியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான். ஓட ஓட ரத்தம் அவன் மார்பிலும் முதுகிலும் வழிந்தது. ரோட்டை அடையும் முன்பே உயிர் போய்விட்டது. போலீசார் வந்தபோது ஊரிலேயே உடம்பெல்லாம் ரத்தமாக நின்றவன் மதுரைவீரன் ஒருத்தன்தான். சிவசாமி குளித்து, திருநீறு பூசி, அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தான். தம்பியைக் கையில் விலங்கு போட்டு இழுத்துப்போனார்கள். ஓடியவனுக்கு விலங்கு, வெட்டியவனிடம் மோர். சர்க்கார் அப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்த நாள் ராக்கனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். "தம்பிதான் வெட்டுனான்னு கோர்ட்டுல சொல்லு. ஒன்னைய விட்டுருவோம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ராக்கன் மாட்டேன் என்றான். கைகளைப் பின்னால் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். தோள்மூட்டு நழுவிய சத்தம் அவனுக்கே கேட்டது. உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். வலி தலையில் போய் வெடித்தது. பல் ஒன்று உடைந்து தொண்டைக்குள் போயிற்று. அப்போதும் மாட்டேன் என்றான். கடைசியில் அவன் பெண்சாதி இருளாயியைக் கூட்டிவந்தார்கள். ஏட்டு அவள் கொண்டையை அவிழ்த்து, முடியை லத்தியில் சுற்றித் திருகினார். கிணற்றுச் சகடையில் கயிறு சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே போனார். ஒரு கற்றை முடி தோலோடு பிய்ந்து வந்தது. இருளாயி கத்தவில்லை. ராக்கன்தான் கத்தினான்.

"சொல்றேங்க. நீங்க சொல்றதச் சொல்றேன். அவள விடுங்க."

இந்த இடத்தில் ராக்கனைக் கோழை என்று எண்ணிவிடக் கூடாது. அவனுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவன் ஊரில் வாய்ச்சொல் வேறு, சத்தியம் வேறு. மாட்டுத் தாவணியில் கிழட்டு மாட்டை இளங்காளை என்று சொல்லி விற்பார்கள். சண்டையில் ஆயிரம் பேசுவார்கள். அதெல்லாம் வெறும் வாய். அய்யனார் முன்னால் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால்தான் அது சத்தியம். அதற்குப் பிறகு ஒருவனும் பொய் சொன்னதில்லை. சொன்னால் குலம் விளங்காது என்ற பயம் ஊருக்கே உண்டு. கள்ளச் சாவி போட்டவன்கூடச் சூடத்தைக் கண்டதும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டிருக்கிறான். கோர்ட்டு என்றால் எவ்வளவு பெரிய இடம். அங்கே மட்டும் சூடம் இல்லாமலா போகும். முதலில் போலீஸ் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போவோம், சூடம் ஏற்றும்போது நிஜத்தைச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தான் ராக்கன். அந்த நினைப்பில்தான் அவனுக்கு மறுபடி சோறு இறங்கியது.

விசாரணை நாளில் கோர்ட்டு வராந்தாவில் தம்பியைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"வீரா, உள்ள போயி ஒன்னையத்தான் சொல்லப் போறேன்."

தம்பி அண்ணனுடைய தொங்கிப்போன தோளைப் பார்த்தான். "மதினிய அடிச்சாங்களா?"

"முடிய லத்தியில சுத்திப் பிச்சுட்டாங்கடா."

 மதுரைவீரன் அண்ணன் முழங்காலில் கை வைத்தான். "சொல்லிட்டுப் போண்ணே. வெறும் வாயிதானே. சூடம் ஏத்தறப்ப நெசத்தச் சொல்லிரு. அதுக்கு மேல எவன் மாத்துவான்?"

"அதத்தான் நானும் நெனச்சேன்."

பாவிகள் இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேரையும் ஒரே நம்பிக்கைதான் கவிழ்த்தது.

டவாலி வாசலில் நின்று ராக்கன் பேரை நீட்டி முழக்கிக் கூப்பிட்டான். ராக்கன் கூண்டில் ஏறினான். ஒரு குமாஸ்தா தலையைத் தூக்காமலே, கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று தந்தி அடிக்கிற வேகத்தில் சொன்னார். ராக்கனும் சொன்னான். ஏதோ வணக்கம் வைப்பது போல என்று எண்ணிக்கொண்டான். சர்க்கார் வக்கீல் கேட்டார்: "குழந்தைசாமியை வெட்டியது யார்?"

"என் தம்பி மதுரைவீரனுங்க."

எதிர்க் கூண்டில் நின்ற தம்பி லேசாகத் தலையாட்டினான். எல்லாம் சரியாகப் போகிறது என்று அண்ணனுக்குத் தைரியம் சொல்கிற தலையாட்டல். தம்பிக்குச் சர்க்கார் கொடுத்த வக்கீல் குறுக்கு விசாரணை இல்லை என்று கையை அசைத்துவிட்டார். டைப் மிஷின் நின்றது. இறங்கச் சொன்னார்கள். ராக்கன் இறங்கவில்லை. மேஜையையும் அலமாரியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஐயா, சூடம் எப்பங்க ஏத்துவீங்க?"

கோர்ட்டே சிரித்தது. முன்வரிசை நாற்காலியில் இருந்த சிவசாமியும் சிரித்தான். ஜட்ஜும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே புன்னகை செய்தார். "இங்கே சூடமெல்லாம் கிடையாதுப்பா. நீ சொன்னதே சத்தியம்தான்."

"அது வெறும் வாயிங்களே. நெசம் இனிமேத்தானுங்க சொல்லணும்."

டவாலி அவன் பிடரியைப் பிடித்து இறக்கினான். அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். தம்பியின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. அந்த முகத்தை ராக்கன் கடைசிவரை மறக்கவில்லை. மறுநாளே தீர்ப்பு. கண்ணால் கண்ட சாட்சி, அதுவும் கூடப் பிறந்தவனே சொன்ன சாட்சி என்று ஜட்ஜ் ரொம்பவும் மெச்சிப் பேசிவிட்டுத் தூக்கு விதித்தார்.

ராக்கன் ஊருக்கு வந்து அய்யனார் கோயிலில் எல்லாரையும் கூட்டினான். சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்து நடந்ததைச் சொன்னான். குழந்தைசாமியின் பெண்சாதி பொன்னம்மாள் மண்ணில் விழுந்து புரண்டாள். ஊரில் ஒருவரும் அதைச் சந்தேகப்படவில்லை. ஊர் நம்பி என்ன செய்ய? டவுன் வக்கீல் ஒருவரிடம் ஓடினார்கள்.

"அய்யனார் கோயில்ல சொன்னத மேல்கோர்ட்டுல யாரும் படிக்கமாட்டாங்க. இங்க சொன்னதத்தான் படிப்பாங்க" என்றார் அவர். "இப்ப நீ மாத்திச் சொன்னா, பொய்ச் சாட்சின்னு ஒன்னையத் தூக்கி உள்ள வச்சுருவாங்கப்பா."

"வைக்கட்டுங்க. எப்ப வரணும்னு சொல்லுங்க."

 வக்கீல் ஒரு மனுவை எழுதி அனுப்பினார். அது எங்கே போயிற்று என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஜட்ஜ் காலிலேயே விழலாம் என்று ராக்கன் அவருடைய பங்களாவுக்குப் போனான். பின்பக்கம் வேப்ப மரத்தடியில் ஒரு செவலைப் பசு கன்றோடு கட்டிக் கிடந்தது. சிவசாமியின் பசு. பண்ணையில் ராக்கன்தான் அதை மேய்த்தவன். அதன் முதல் ஈற்றில் கன்றைக் கையால் இழுத்து எடுத்தவனும் அவன்தான். பசு அவனைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவன் கையை நக்கியது. அந்தப் பங்களாவில் அவனை அடையாளம் கண்டுகொண்டது அது ஒன்றுதான். ராக்கன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். தம்பிக்கு எப்படித் தூக்கு விழுந்தது என்பது அந்த நிமிஷம் அவனுக்கு விளங்கிவிட்டது. காவல்காரர்கள் மாடு திருட வந்தவன் என்று சொல்லி அவன் விலா எலும்பு உடையும் மட்டும் உதைத்து, தெருவில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ராக்கன் ஊருக்குத் திரும்பவில்லை. கோர்ட்டு வராந்தாவிலேயே கிடந்தான். டவாலி யார் பேரைக் கூப்பிட்டாலும் அவனுக்கு ராக்கன், ராக்கன் என்றுதான் கேட்டது. எழுந்து ஓடுவான். வாசலில் நெஞ்சில் குத்தித் தள்ளுவார்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அடுத்த கூப்பாட்டுக்குக் காத்திருப்பான். கோர்ட்டு இல்லாத நாளிலும் கூப்பாடு கேட்டது. பூட்டிய கதவைத் தலையால் முட்டினான். கதவில் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. அதைச் சுரண்டி முகர்ந்து, "என் தம்பி ரத்தமில்ல இது, குழந்தைசாமி ரத்தம்" என்று போவோர் வருவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இருளாயி கொண்டுவரும் கஞ்சியைக் குடிப்பான், அவள் யார் என்று கேட்பான். ஒரு நாள் மட்டும் தெளிவாக, "சூடம் வாங்கிக் குடு ஆத்தா" என்றான். பெண்சாதியை ஆத்தா என்றதில் அவள் நெஞ்சு உடைந்துபோயிற்று. கேட்டதை வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு அவள் கொஞ்ச நாள் வரவில்லை. ஜெயிலிலிருந்து ஊருக்குத் தந்தி வந்திருந்தது. அவள் அங்கே போயிருந்தாள்.

ஒரு நாள் சிவசாமியின் வரப்புத் தகராறு ஒன்று ஜட்ஜ் முன்னால் இருந்தது. டவாலி யாரையோ கூப்பிட்டுவிட்டு அவர்களைத் தேடி வெளியே இறங்கினான். ராக்கன் எழுந்து உள்ளே போனான். அந்த ஒரு நாள் அவனைத் தடுக்க வாசலில் ஆள் இல்லை. கூண்டில் ஏறினான். மடியில் இருந்த சூடம் முழுவதையும் இடது உள்ளங்கையில் குவித்து, தீக்குச்சியைக் கிழித்து வைத்தான். தீ முழ உயரத்துக்கு எழுந்தது.

"வெட்டுனது பண்ணை சிவசாமி. என் தம்பி தூக்கிட்டு ஓடுனான். ரெண்டையும் நான் பார்த்தேன். எழுதிக்கங்க."

கையின் தோல் கொப்பளித்து வெடித்தது. கொழுப்பு உருகி முழங்கை வழியே வடிந்தது. அவன் கையை இறக்கவே இல்லை. குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். ஜட்ஜ் எழுந்து நின்றார். "யார் இவன்? எந்தக் கேஸ்?"

"எழுதிக்கங்க ஐயா. சூடம் அணையப் போகுது."

"இந்தாங்க, கீழ எறங்குங்க." வாசலில் இருளாயி நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை. அதில் மதுரைவீரனின் வேட்டியும் அரைஞாண் கயிறும் இருந்தன. "தம்பியத் தூக்குல போட்டுட்டாங்க. நான் எரிச்சுட்டு வாரேன்."

ராக்கன் அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் யார் என்று அவனுக்குத் தெரிந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம். "வீரனயா?" என்றான். எரிகிற கையைப் பார்த்தான். "இந்த வாயிதான சொன்னுச்சு" என்று சொல்லி, கையில் இருந்த நெருப்பை அப்படியே வாய்க்குள் திணித்து உதட்டை இறுக மூடிக்கொண்டான். கறி தீய்கிற வாடை கோர்ட்டு முழுக்கப் பரவியது. அவன் கூண்டுக்குள்ளேயே சரிந்தான்.

"பைத்தியம் முத்திருச்சு" என்றான் சிவசாமி.

இருளாயி மூட்டையைக் கீழே வைத்தாள். குமாஸ்தாவின் மேஜை மேல் தண்ணீர் குடிக்கிற பித்தளைச் செம்பு இருந்தது. அதை எடுத்துச் சிவசாமியின் முகத்தில் அடித்தாள். மூக்கு உள்ளே போயிற்று. இன்னும் ஓங்கி அடித்தாள். ஒரு கண் கலங்கி வெளியே வந்தது. நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்து இழுக்கும் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தாள். அவனைப் பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சிவசாமி பிழைத்துக்கொண்டான். ராக்கனும் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் நாக்கில் பாதியை வெட்டி எடுத்தார்கள். இருளாயி மேல் கொலை முயற்சி வழக்கு. அதே கோர்ட்டு, அதே ஜட்ஜ்.

கண்ணால் கண்ட சாட்சியாகப் போலீசார் சேர்த்தது ராக்கனை. டவாலி பேரைக் கூப்பிட்டான். இந்தத் தடவை நிஜமாகவே அவன் பேர்தான். கைத்தாங்கலாக ஏற்றினார்கள். எதிர்க் கூண்டில் இருளாயி நின்றாள். உச்சியில் முடி பிய்ந்த இடத்தில் இன்னும் முளைக்கவில்லை. குமாஸ்தா தலையைத் தூக்காமல் கடவுள் அறிய என்று ஆரம்பித்து முடித்தார். ராக்கன் வாயிலிருந்து மாடு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சத்தியம் வாங்கியாச்சு. எழுதிக்க" என்றார் ஜட்ஜ்.

சர்க்கார் வக்கீல் கேட்டார்: "உன் பெண்சாதி இருளாயிதானே சிவசாமியைக் கொல்ல வந்தது?"

ராக்கன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். வெந்து சுருண்ட உள்ளங்கையை ஜட்ஜ் பக்கம் நீட்டி, சூடம் வைக்கச் சொல்லிக் கெஞ்சினான். என்ன கெஞ்சினாலும் ஆ, ஆ என்ற ஒரு சத்தம்தான் வந்தது.

"ஆமாம் என்கிறான்" என்றார் ஜட்ஜ்.

டைப் மிஷின் தட்ட ஆரம்பித்தது.