நல்ல பச்சை

கிறிஸ்டோபரின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பத்துப் பதினைந்து ஏலக்காய் இருக்கும். போடியில் இருபத்தெட்டு வருடமாக ஏலக்காய் வாங்கி விற்கிறவர். காயின் பச்சையைப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார் என்று பஜாரில் பேர். அப்படிப்பட்ட மனிதர் போன மாதம் ஆறு மூட்டை வெளுத்த காயை நல்ல பச்சை என்று எடுத்துவிட்டார். பழியைத் தூக்கிச் செல்போன் மேல் போட்டார். மலைமேல் எஸ்டேட்காரர்கள் இப்போதெல்லாம் சாம்பிளை வாட்ஸப்பில் படமாகத்தானே அனுப்புகிறார்கள்.

"இம்புட்டுக்காணு ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் தெரியுது. நான் என்ன செய்ய?"

அந்த வார்த்தையை மகள் மகிமா கப்பென்று பிடித்துக்கொண்டாள். "பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கிருவோம்ப்பா. ஃபோர் கே. நிறம் அச்சு அசலாத் தெரியும்."

அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பெங்களூரில் கேம் தயாரிக்கிற கம்பெனி ஒன்று, ஒரு காட்டை வரைந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி அவளிடம் கேட்டிருந்தது. படம் அவர்களுக்குப் பிடித்துப்போனால் வேலை. மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். அவளுடைய பழைய மானிட்டரோ பச்சையை நீலமாகக் காட்டுகிற கிழடு. அப்பா கடையில் பில் போட்டே காலம் ஓடிவிடுமோ என்று இருபத்து நாலு வயதில் அவளுக்கு மூச்சு முட்டுகிற பயம். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தேனிக் கம்ப்யூட்டர் கடையில் விற்பனைப் பையன் சூரியபிரகாஷ் மூன்று மானிட்டர்களை வரிசையாக ஓடவிட்டான்.

"இது நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸ் சார். கேமும் ஆடலாம், வேலையும் பாக்கலாம்."

"நாங்க எங்கிட்டுத் தம்பி கேம் ஆட? யாவாரத்துக்கு," என்றார் கிறிஸ்டோபர். தினமும் இரண்டு மணி நேரம் கேம் ஆடுகிற மகிமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பென் டிரைவில் கொண்டுவந்த தன் காட்டை நடு மானிட்டரில் ஒரு நொடி திறந்து பார்த்து மூடினாள். பாசிக்கு ஒரு பச்சை, கொழுந்துக்கு ஒரு பச்சை, நிழலுக்கு ஒரு பச்சை. வரைந்தவளே அதை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறாள். இது இல்லாமல் திரும்பக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அப்பாவை மடக்கவும் ஏற்பாடோடுதான் வந்திருந்தாள். இரண்டு பொட்டலம்: ஒன்றில் பச்சைக் காய், மற்றதில் வெளுத்த காய். வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, அதை மானிட்டரில் போட்டாள்.

"சொல்லுங்கப்பா, எது பச்சை?"

கிறிஸ்டோபர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கிட்டப் போனார், தள்ளி நின்றார். பிறகு விரலை வைத்தார், வெளுத்த காய் மேல்.

சூரியபிரகாஷ் திடீரென்று ஏதோ ஒயரைச் சரிசெய்யக் குனிந்தான். மகளின் முகத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துபோனது.

"இதுவும் பொய்தான் சொல்லுது. வேணாம் ஆத்தா, வா போவோம்."

ஆமாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்பாவின் மானம் தப்பியிருக்கும். மானிட்டர் போயிருக்கும், அதோடு வெள்ளிக்கிழமையும் பெங்களூரும் போயிருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மகிமா வாயைத் திறந்தாள்.

"ஸ்கிரீன் சரியாத்தான்ப்பா இருக்கு. இந்தாங்க, காயையே பாருங்க."

பொட்டலங்களை வாசலில் வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்தாள். அவர் மாறி மாறிப் பார்த்தார். இந்த முறை விரல் எதன் மேலும் இறங்கவில்லை.

"சக்கரை கண்ணுல இறங்கிருச்சுன்னு மதுரை டாக்டர் சொன்னாக," என்றார் மெதுவாக. "ஆபரேசன் பண்ணுனாலும் பழையபடி நிறம் பிடிபடாதாம். ஆறு மாசமாச்சு. ஒருவேளை போனுதான் கோளாறோன்னு ஒரு நப்பாசை. அதான் நீ கூப்பிட்டதும் வந்துட்டேன்."

ஒரு மானிட்டருக்காகப் பெத்த அப்பாவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று மகிமாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அவரோ தலைச்சுமை இறங்கின ஆளாக நிமிர்ந்தார்.

"தம்பி, இதையே கட்டுங்க. கடையில எம் மேசைக்கு எதுத்தாப்புல வைக்கணும்." மகளின் தோளில் கை வைத்தார். "உனக்காச்சும் தெரியுதே, அது போதும். இனிமே நீதான் ஆத்தா என் கண்ணு."

சின்ன வயதிலிருந்து ஆயிரம் தரம் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார். இன்றைக்குத்தான் அந்தச் சொல் அவளைப் பிடித்துக் கட்டிப்போட்டது.

வாடகைக் காரின் டிக்கியில் பெட்டி அடங்கவில்லை. பின்சீட்டில் அவளைக் கதவோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு வந்தது. முன்சீட்டில் அப்பா மலையாளி எஸ்டேட்காரர் ஒருவரிடம் போனில் தமிழும் மலையாளமுமாக உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "சாரே, இனி போட்டோ எல்லாம் மக நம்பருக்கு அனுப்புங்க. மோள் நோக்கிக்கோளும்."

போடி வருவதற்குள் முதல் படம் வந்துவிட்டது. அதன் மேல்பாதியை மறைத்துக்கொண்டு பெங்களூர் மெயில், வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்தியது. அதை விரலால் ஒதுக்கினால்தான் காய் தெரியும். ஒதுக்கினாள்.

"எப்படி ஆத்தா, பச்சையா?" அப்பா முழுசாகத் திரும்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியவில்லை என்று சொன்னால் போதும். இரண்டு தரம் தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது, அவரே வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அதையும் அவள் நினைத்தாள், நினைக்காமல் இல்லை. ஆனால் அந்தச் சின்னச் செல்போனிலேயே காய் துல்லியமாகத் தெரிந்தது.

"நல்ல பச்சைப்பா," என்றாள்.