பதினெட்டும் இருபத்து நாலும்

"அந்தக் கேமராவப் பார்த்துட்டுத்தானே வர்ற?" என்றார் மணிவேல், நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

"இல்லண்ணே. அரியலூருக்கு இனிமேதான் போகணும். முதல்ல உங்ககிட்டதான் வந்தேன்."

"போகாத. பஸ் காசாவது மிச்சம்."

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அவருடைய ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோவுக்கான நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பழைய பொருள் விற்கும் செயலியில் இரண்டு விளம்பரங்கள் பார்த்திருந்தேன். ஒன்று இவருடையது, இன்னொன்று அரியலூரில் ஜெயசித்ரா என்பவருடையது. இரண்டும் பத்து வருடத்துக்கு முந்தைய ஆரம்பநிலைக் கேமராக்கள். இரண்டிலும் 'லென்ஸுடன்' என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்த பணத்துக்கு அவற்றில் ஒன்றுதான் வாங்க முடியும்.

திங்கட்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும். அரியலூரில் ஜானகி மேடம் என்ற கல்லூரிப் பேராசிரியர், ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களைப் படமெடுத்துத் தொகுக்க ஒரு வருட வேலைக்கு ஆள் தேடினார். லென்ஸ் மாற்றுகிற கேமரா சொந்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியில் நானும் விக்கி என்று ஒருவனும் மிஞ்சினோம். கல்லாகிப்போன கடல் நத்தை ஆளுக்கொன்று கொடுத்து, அதன் படத்தோடும் கேமராவோடும் திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார். விக்கியிடம் கேமரா இருந்தது. என்னிடம் மெமரி கார்டு இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே வாங்கி, படித்துக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு நாவலுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தேன்.

மணிவேல் பீரோவிலிருந்து கேமராவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது இருவத்தி நாலு மெகாபிக்சல். அது பதினெட்டு. இது நொடிக்கு நாலு படம் எடுக்கும். அது மூணு. அந்த மூணையும் அவ எடுக்குறதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் புள்ள பொறந்துரும். அப்புறம் அது பூரா பிளாஸ்டிக்கு."

"இதுவும் பிளாஸ்டிக்தானேண்ணே?"

"இது நல்ல பிளாஸ்டிக்கு."

பையிலிருந்து நத்தையை எடுத்தேன். "ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமாண்ணே? லென்ஸ மாட்டுங்க."

அவர் ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தார். மாட்டவில்லை. நான் எடுத்து மாட்டப் பார்த்தேன். வாய் பொருந்தவில்லை.

"பொருந்தாது," என்றார். "கேமரா ஒரு கம்பெனி, லென்சு ஒரு கம்பெனி. இது அவளோட கேமராவுக்கு உள்ளது."

"அப்ப இதுக்கு உள்ளது?"

"அவகிட்ட இருக்கு."

ஜெயசித்ரா அவருடைய மனைவியாக இருந்தவர். ஸ்டுடியோவை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரிந்தார்கள். கல்லங்குறிச்சியில் பெண் வீட்டில் பாத்திரம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்க மணிவேலின் பெரியப்பா வீரமணி உட்கார்ந்தார். பாகம் பிரிப்பதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று பெயரெடுத்த மனிதர். கடைசியில் மேசைமேல் இரண்டு கேமராக்களும் இரண்டு லென்ஸ்களும் தனித்தனியாக இருந்தன. அவர் கேட்டது ஒன்றுதான், எந்தக் கேமராவுக்கு நம்பர் பெரிசு என்று. பெரிய நம்பர் கேமராவை மணிவேலுக்குக் கொடுத்தார். அதை ஈடுகட்டப் பெரிய லென்ஸை ஜெயசித்ராவுக்குக் கொடுத்தார். சின்னக் கேமரா அவளுக்கு, சின்ன லென்ஸ் இவனுக்கு. நியாயமாகத்தான் பிரித்தார்.

"பொருந்தாதுன்னு நீங்க அங்கயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நான் ஏன் சொல்லணும்? அவளுக்கும்தான் தெரியும். வூட்டுக்குப் போயி மாட்டிப் பார்த்து முழிக்கட்டும்னு விட்டேன்."

"நீங்களும்தானே முழிச்சீங்க?"

"நான் வேற கேமரா வாங்கிட்டேன். அவளால முடியுமா?"

"அப்ப ஒண்ணு செய்யலாம்ணே. கேமராவ உங்ககிட்ட வாங்கிக்கிறேன். லென்ஸ மட்டும் அவங்ககிட்ட…"

அவர் கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் லென்சுக்கு அவ கையில காசு குடுப்பியா? கிளம்பு பாப்பா. கேமரா விக்கல."

அரியலூரில் கடைவீதி ஜவுளிக்கடை ஒன்றில் ஜெயசித்ரா பில் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையிலிருந்தே கேமராவை எடுத்தார். லென்ஸ் இல்லாத வாயைப் பாலிதீன் கவரால் மூடி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"அந்தாளு என்ன சொன்னாரு? இருவத்தி நாலுன்னு பீத்தியிருப்பாரே."

"ஆமாக்கா."

"இருவத்தி நாலு இருந்து என்ன செய்ய? எடுக்குறவன் கண்ணு நாலுகூட இல்ல. அதத் தூக்கிட்டு ஒரு கல்யாணத்துல நின்னேன், மறுநாள் கழுத்து திரும்பல. இதப் புடிச்சுப் பாரு. கைக்கு அடக்கமா இருக்கா? மனுசன் மொகம் இதுல மொகம் மாதிரியே வரும்."

பிடித்துப் பார்த்தேன். உண்மையிலேயே கைக்குள் உட்கார்ந்தது.

"எல்லா ஆல்பத்துலயும் பாதிப் படம் நான் எடுத்தது," என்றார். "அட்டையில 'மணிவேல்'னு மட்டும் இருக்கும். ஏன்னு கேட்டேன். எழுத எடம் பத்தலயாம்."

"அவரு உங்களப் பத்தி வேற சொன்னாரு."

"சொல்லு."

"பொண்ண எடுக்கச் சொன்னா வானத்த எடுப்பீங்கன்னு."

"பொண்ணோட மூஞ்சி அன்னைக்கு வானத்தவிட மோசமா இருந்துச்சு." சோற்றை மூடி வைத்தார். "லென்சு அந்தாளுகிட்ட இருக்கு. நீ திருச்சிக்குப் போயி வேற வாங்கிக்க. அந்தாளுகிட்ட மட்டும் வாங்கின, கேமராவத் திரும்ப வாங்கிருவேன்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் கடை இருக்காது. கடை இருந்தாலும் தனியாக லென்ஸ் வாங்க என்னிடம் பணம் இருக்காது. என் ஊரான வேப்பந்தட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எதை வாங்கினாலும் குருட்டுக் கேமராதான். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்தால் ஏதாவது நடக்கும் என்று தோன்றியது. என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

அன்று மாலை இருவருக்கும் போன் செய்தேன். "ரெண்டு கேமராவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, நல்லது எதுவோ அத வாங்கிக்கிறேன்."

"அவ வர்றாளா?" என்றார் மணிவேல்.

"அந்தாளு வர்றாரா?" என்றார் ஜெயசித்ரா.

நான் படிக்கிற நாவல்களில் பகைவர்கள் விடியற்காலையில் பனி மூடிய வெளியில் சந்தித்துச் சுட்டுக்கொள்வார்கள். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, இரண்டு ஊருக்கும் நடுவில் பேரளி டீக்கடையில் சந்திக்க ஒப்புக்கொண்டார்கள்.

பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பேச்செல்லாம் என் வழியாக நடந்தது.

"வாய்க்கு மூடிகூடப் போடாம வச்சிருந்தா உள்ள தூசி இறங்காதான்னு கேளு," என்றார் மணிவேல். "லாரித் தூசி பூரா அதுக்குள்ளதான் இருக்கும்."

"மூடியையும் அவங்க பெரியப்பா அவருக்குத்தானே குடுத்தாருன்னு சொல்லு."

"லென்ஸ மாட்டினாத்தான் பார்க்க முடியும்," என்றேன். "பத்து நிமிசம். அப்புறம் அவங்கவங்க கொண்டுவந்தத அவங்கவங்க எடுத்துக்குங்க."

இருவரும் லென்ஸை நீட்டவில்லை. பெஞ்சில் வைத்தார்கள். நான்தான் இடம் மாற்றி வைத்தேன். ஜெயசித்ரா சின்ன லென்ஸை எடுத்து வலப்பக்கம் திருகினார். மணிவேல் பெரிய லென்ஸை எடுத்து இடப்பக்கம் திருகினார். இரண்டும் பூட்டிக்கொள்ளும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்டது. பிறகு இருவரும் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய ஒரு லாரி கடந்து போக, இரண்டு கேமராக்களும் அதோடு சேர்ந்து திரும்பின.

என் கார்டைப் போட்டு வேலையைத் தொடங்கினேன். நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில் நத்தையை வைத்து, காலை வெயில் சாய்வாக விழும்படி நகர்த்தி, முதலில் பதினெட்டில் எடுத்தேன். பிறகு அதே இடத்தில், அதே வெயிலில் இருபத்து நாலில் எடுத்தேன். பதினெட்டில் கல்லின் பழுப்பு நிறம் கையில் இருந்த கல்லைப் போலவே வந்தது. வெள்ளைத்தாளின் ஓரத்தில் மட்டும் இரண்டு மங்கிய தூசிப் புள்ளிகள். இருபத்து நாலில் நிறம் கொஞ்சம் வெளுப்பு. ஆனால் ஓட்டின்மேல் இருக்கும் ஒவ்வொரு வரியையும் எண்ண முடிந்தது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கார்டைக் கழற்றிக்கொண்டு கேமராக்களைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஜெயசித்ரா தன் கார்டைப் போட்டு, டீ கிளாஸை எடுத்தார். ரோட்டை எடுத்தார். பிறகு கேமரா மணிவேல் பக்கம் திரும்பி நின்றது.

"என்னைய எதுக்கு எடுக்குற?" என்றார் மணிவேல். அன்று ஜெயசித்ராவிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"வெளிச்சம் பார்த்தேன். நீ குறுக்க உக்காந்திருக்க."

"நீயா?"

"பின்ன, நீங்களா?"

மணிவேலும் தன் கார்டைப் போட்டுக் கேமராவைத் தூக்கினார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து ஒதுங்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து நொடிக்கு மூன்று, இந்தப் பக்கத்திலிருந்து நொடிக்கு நாலு. இரண்டு பேரும் விரலை எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

முதலில் நிறுத்தியது ஜெயசித்ரா. கேமராவை, மாட்டிய லென்ஸோடு, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

"நான் விக்கல," என்றார் என்னிடம்.

"அக்கா, பத்து நிமிசம்னுதானே பேச்சு."

"ரெண்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் இதுல பார்க்குறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு காதுகுத்து கிடைச்சாலும் போதும் எனக்கு. விக்கல."

நான் மணிவேலைப் பார்த்தேன். "அப்ப நீங்க குடுங்கண்ணே. உங்களுக்குத்தான் வேற கேமரா இருக்கே."

"அவ கையில கேமரா இருக்கும், நான் வித்துட்டு நிக்கணுமா? அவ விக்கலன்னா நானும் விக்கல." அவரும் பையை மூடினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் லென்ஸ மாத்திக் குடுக்கத்தான் நான் ரெண்டு பஸ் ஏறி வந்தனா?"

"உன்னை யாரு வரச் சொன்னா?" என்றார் மணிவேல். அந்த ஒரு விஷயத்தில் ஜெயசித்ராவும் தலையை ஆட்டினார்.

மணிவேல் பைக்கில் பெரம்பலூர் பக்கம் போனார். ஜெயசித்ரா அரியலூர் பஸ்ஸில் ஏறினார். மூன்று டீக்கும் நான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஜானகி மேடத்தின் அறை வாசலில் விக்கி கேமராப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். என் தோளைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"கேமரா எங்கங்க?"

"வருது."

"தனியா வருதா?"

மேடம் எங்களைக் கூப்பிட்டார். உள்ளே மேடம் முதலில் அவனுடைய படத்தைத் திரையில் போட்டார். ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தான். நத்தையின் நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம் அடித்து, வரிகள் பாதி காணவில்லை. பிறகு என் கார்டைப் போட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"வெயில்ல எடுத்தியா?"

"ஆமா மேடம். பத்தரை மணி வெயில்."

"முதல் படத்துல கல்லோட நிறம் அப்படியே வந்திருக்கு. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. ரெண்டாவதுல வரியெல்லாம் நல்லாத் தெரியுது. எது உன் கேமரா?"

"ரெண்டுல ஒண்ணு மேடம்."

"எங்க அது?"

"மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி வரைக்கும் இருப்பேன். வரலன்னா விக்கிக்கு ஆர்டர் குடுத்துருவேன். வருத்தப்படக் கூடாது."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். ஜெயசித்ரா அக்காவைக் கேட்டால் தர மாட்டார். எனக்குக் கேட்கவும் மனம் வரவில்லை. மணிவேலின் எண்ணை அழுத்தினேன்.

"என்ன பாப்பா? நான்தான் விக்கலன்னு சொன்னேன்ல."

"அதுக்கில்லண்ணே. உங்ககிட்ட சொல்லிரலாம்னுதான். மேடம் ரெண்டு படத்தையும் பார்த்தாங்க. அக்கா கேமராதான் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க."

"அந்தப் பதினெட்டா?"

"நிறம் நல்லா இருக்காம்."

இதுவரை சொன்னதெல்லாம் உண்மை. அடுத்துச் சொன்னது பொய்.

"அக்காவும் குடுக்குறேன்னுட்டாங்கண்ணே. ரெண்டு மணிக்குள்ள கொண்டாந்து தர்றாங்க. ஒரு வருசம் காலேஜ்ல அந்தக் கேமராதான் ஓடப்போகுது."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷினை அவர் நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எந்தக் காலேஜ்?" என்றார்.

ஒன்றரை மணிக்கு வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார், "அவ வந்துட்டாளா?"

"இன்னும் இல்லண்ணே."

"வர மாட்டா. எங்க, எப்ப, நேரத்துக்கு வந்தா அவ?" பையைத் திறந்து கேமராவைக் கொடுத்தார். பெரிய லென்ஸ் மாட்டியிருந்தது. பேட்டரி, சார்ஜர், வாய் மூடி, எல்லாம் இருந்தன. போனில் பணம் அனுப்பினேன். எவ்வளவு வந்தது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கேமராவைத் திரும்ப வாங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து தன் கார்டை மட்டும் உருவிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"அதுல என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்ல. லாரி."

பைக்கை ஸ்டார்ட் செய்தார். "அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. இருவத்தி நாலத்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு."

"நான் எதுக்குண்ணே? நீங்களே சொல்லுங்க."

"அவளுக்கெல்லாம் நான் போன் பண்றதில்ல."

கேட்டைத் தாண்டியதும் பெரம்பலூருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திரும்பினார். கடைவீதி அந்தப் பக்கம். ஜெயசித்ரா அக்கா பில் போடும் ஜவுளிக்கடைக்கு இங்கிருந்து ஐந்து நிமிடம்.

போனை அணைத்துவிட்டு, கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேடத்தின் அறைக்குப் போகும் படிகளை இரண்டு இரண்டாக ஏறினேன்.