பகலில் தூங்கும் ஆள்

“ராத்திரி வேலைன்னு தரகர் சொல்லவே இல்லையே?” என்று ரோஸி கேட்டாள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்து அது நாலாவது நாள்.

“இப்போதைக்குத்தான். ரெண்டு வருசத்துல பகலுக்கு மாத்திருவாவ” என்றார் தனசீலன், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே.

“அதுவரைக்கும்?”

“நீ ராத்திரி தூங்கு, நான் பகல்ல தூங்குதேன். கட்டில் ஒண்ணு போதும், பாத்தியா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். பத்திரிகை அச்சடிக்கும் ராட்சத மெஷின் பக்கத்தில் அவருடைய ராத்திரிகள் முப்பத்து நாலு வருஷம் ஓடின. ரோஸி குறை சொன்னதில்லை. அந்த ராத்திரி வேலைக்குக் கிடைத்த படிக்காசில்தான் செம்பூர் வீடு வந்தது, பிள்ளைகள் ரீனாவும் சாஜனும் படித்தார்கள். இதில் வாயைத் திறந்தால் நன்றிகெட்ட பேச்சாகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

ரிட்டயர் ஆனால் தானாகச் சரியாகும் என்று நம்பினாள். அவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு ஹாலில் போய் உட்காருவார். ரெண்டு மணிக்குச் சாப்பாடு. பால்காரன் மணியடித்ததும் படுக்கை. அவள் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த வரை அது அவ்வளவாக உறைக்கவில்லை. போன அக்டோபரில் அவளும் ரிட்டயர் ஆன பிறகுதான், சொந்த வீட்டில் குதிகால் ஊன்றாமல் நடக்கிற வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்தது. மதியம் ஒரு மணிக்கு முன்னால் மிக்ஸி போட முடியாது. குக்கர் விசிலைக் கரண்டியால் தூக்கித் தூக்கிவிட வேண்டும்.

சாஜன் துபாய்க்குப் போகும்போது தன் பழைய காரை இவர்களிடம் விட்டுப்போனான். மால்சேஜ் மலையைத் தாண்டி நாலு நாள் சும்மா சுற்றி வரலாம் என்று ரோஸிதான் சொன்னாள். வயலெல்லாம் பார்க்க ஆசை என்றாள். அது பொய்யில்லை. ஆனால் உள்ளுக்குள் வேறு கணக்கும் இருந்தது: பகல் முழுக்க வண்டி ஓட்டுகிற மனுஷன் ராத்திரி தூங்கித்தானே ஆகவேண்டும்?

கணக்கு முதல் நாளே தப்பிப்போனது. ஓதூரில் தங்கிய லாட்ஜில் காலையில் கண் விழித்துப் பார்த்தாள். கட்டிலில் அவர் பக்கத்து விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், துண்டைப் போர்த்திக்கொண்டு, கோழி கூவுவதை ரசித்துக்கொண்டிருந்தார்.

அதனால் பயணம் வினோதமாக நடந்தது. அரை மணி ஓட்டுவார், கொட்டாவி வரும், மரத்தடியில் நிறுத்திச் சீட்டைச் சாய்த்துவிடுவார். நாற்பது கிலோமீட்டருக்கு அரை நாள். அவர் தூங்குகிற நேரமெல்லாம் ரோஸி இறங்கி வேடிக்கை பார்த்தாள். தக்காளிச் செடியைக் கம்பியில் கட்டிவைப்பது எதற்கு, திராட்சைக் குலைக்குப் பேப்பர் சுற்றுவது எதற்கு என்று ஆள் அகப்பட்ட இடத்திலெல்லாம், ஆபீசில் பழகிய மராட்டியில் கேட்டாள். முழித்திருக்கிற நேரத்தில் அவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு என்று இந்தப் பயணத்தில்தான் கண்டுபிடித்தாள். டீக்கடையில் வடாபாவ் சுற்றிக் கொடுத்த மராட்டிப் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து, “நீலம் அரை மில்லி தள்ளி விழுந்திருக்கு, கவனிக்காம அடிச்சிருக்கானுவ” என்று வருத்தப்பட்டார். இத்தனை வருஷத்தில் இந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு ஒரு வெங்காய வயலோரம் வண்டி நின்றது. அவர் குறட்டைக்குப் போய்விட, ரோஸி வரப்பில் நடந்தாள். கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான். கண்ணை முழங்கையால் மறைத்து, துண்டால் காதை அடைத்து. ரோஸிக்கு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிகிற தூக்கம்.

களை பிடுங்கிக்கொண்டிருந்த அவன் மனைவி சுநந்தா, ரோஸி கேட்காமலே சொன்னாள். பம்புசெட்டுக்கு ஒரு வாரம் பகலில் கரண்டு, ஒரு வாரம் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும். இது ராத்திரி வாரம். பிறகு ரோட்டில் நின்ற காரையும், அதற்குள் சாய்ந்து கிடந்த தலையையும் பார்த்தாள்.

“உன் ஆளுக்கும் ராத்திரி மோட்டாரா?”

“அப்படித்தான் வச்சுக்கோயேன்” என்றாள் ரோஸி.

பக்கத்துக் கரும்புக்குள் சிறுத்தை வரும் என்றாள் சுநந்தா. ஆள் சத்தம் கேட்டால் ஒதுங்கிப் போய்விடுமாம். அதனால் அவன் தண்ணீர் மாற்றிவிடும்போது இவள் டார்ச்சோடு வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பேச ஒன்றும் இல்லாதபோது ரேடியோ. கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான்.

அவனே கூப்பிட்டானா என்று ரோஸி கேட்டாள். சுநந்தாவுக்குக் கேள்வியே புரியவில்லை. அவன் எங்கே கூப்பிடுவான், வீட்டில் படு என்றுதான் சொன்னான். தனியாகப் படுக்க எனக்குப் பிடிக்கவில்லை, நானும் வரட்டுமா என்று கேட்டேன், சரி என்றான். அவ்வளவுதான் என்று மறுபடியும் குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

வாய்விட்டுக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிற விஷயமா இது என்று ரோஸிக்கு ஆச்சரியமாக இருந்தது. சுநந்தா கொடுத்த ஒரு கட்டு வெங்காயத்தாளோடு காருக்குத் திரும்பியபோது தனசீலன் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கை ஈரத்தைத் துடைக்காமல் கேட்டார்.

“எட்டு மணி நேரமும் அந்தப் புள்ள பேசுமா?”

“பேசுமாம்.”

“என்னத்தட்டி அவ்வளவு பேசும்?”

“கோழி, மாமியார், வெங்காய விலை. என்னவாச்சும்.”

“குடுத்துவச்ச பய” என்றார் அவர், கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே. “நமக்கு மெஷின் சத்தம்தான். பக்கத்துல நிக்குதவன் கத்துனாலும் கேக்காது. வீட்டுல வந்து உக்காந்தாலும், நீ நல்லாத் தூங்குதியே, எழுப்பக் கூடாதுன்னு தோணும்.”

ரோஸி அவர் முகத்தைப் பார்த்தாள். தூக்கம் கெடக் கூடாது என்று இவள் பகலெல்லாம் ஓசையில்லாமல் நடந்ததைப் போலவே, அவரும் ராத்திரியெல்லாம் ஓசையில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். “ஏட்டி, நாராயண்காவ் போவமா, இல்ல இன்னும் வயலுக்குள்ள ஆரையும் பேட்டி எடுக்கணுமா?”

“கொஞ்சம் பொறுங்க. வண்டியை எடுக்காதீங்க.”

அவர் கை சாவியிலேயே நின்றது. ரோஸி வெங்காயத்தாளை மடியில் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தாள்.

“இன்னைக்கு ராத்திரி நாற்காலியில போய் உக்காராதீங்க. தூக்கம் வரலைன்னா பரவாயில்லை, முழிச்சுக்கிட்டே என் பக்கத்துல படுத்திருங்க. என் தூக்கம் கெட்டாக் கெடட்டும். செம்பூர்லயும் எனக்கு அப்படித்தாங்க வேணும்.”