மடவைச் சினை

தங்கச்சாமி கடலைப் பார்த்ததே முப்பது வயசுக்கு மேல்தான். திருப்பத்தூர்ப் பக்கம் வரகும் துவரையும் விதைத்துப் பிழைத்த குடும்பம். காரைக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் அட்டெண்டர் வேலை கிடைத்த பிறகு, வருசம் ஒருமுறை மாணவர்களோடு வேனில் ஏறி, தொண்டிக்குத் தெற்கே ஒரு கழிமுகத்துக்குப் போய்வருவான். சின்ன ஆறுதான். நல்ல மழை பெய்தால் அது கடலைத் தள்ளும். மற்ற நாளெல்லாம் கடல் அதைத் தள்ளும்.

எழுபத்திரண்டாம் வருசம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித்தான் போனார்கள். காலையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. சேறு முழங்கால்வரை வாங்கியது. அலையாத்தி மரங்களைச் சுற்றி மூச்சுவேர்கள் குத்திட்டு நிற்க, ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டிய நண்டுகள் ஆள் நிழல் பட்டதும் வளைக்குள் போயின. உளுவை மீன்கள் தண்ணீரே இல்லாத சேற்றின்மேல் துள்ளித் திரிந்தன. பழைய தோணித்துறைக் கம்பத்தில் அப்பியிருந்த ஆளிச் சிப்பியைச் சுரண்டப் போன மாணவன் ஒருவன் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். துறைத் தலைவர் சேதுபதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பதினொன்னரைக்கு மேல ஒருத்தரும் உள்ள நிக்கக்கூடாது. தண்ணி திரும்புனா ஓட விடாது.”

சொன்னபடியே திரும்பியது. கடற்புல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த திட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிப்போனது. எல்லாரும் கரையேறிய பிறகு, வலைக்காரர் ஹனிபா மடவை மீன் பன்னிரண்டும் பேத்தை மீன் நாலும் பிரித்துப் போட்டார். பேத்தைகள் வயிற்றை உப்பிக்கொண்டு பந்துபோல உருண்டன.

“இதையுமா கொண்டுபோறீக? உள்ள இருக்கிற சினை முட்டையில ஒரு துண்டு தின்னாப் போதும், ஆளு காலி.”

“திங்கிறதுக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு,” என்றார் சேதுபதி. பேத்தை எந்த மாதம் முட்டையிடுகிறது என்று இரண்டு வருசமாக எழுதிக்கொண்டிருந்தார். தங்கச்சாமி பேத்தைகளை ஒரு தகரப் பெட்டியிலும் மடவைகளை இன்னொன்றிலும் போட்டு, ஐஸை நொறுக்கிப் பரப்பி மூடினான்.

மறுநாள் காலையில் லேபில் அறுப்பு. மடவை எல்லாவற்றையும் சுபைதா பார்த்துக்கொண்டாள். அவள் டியூட்டராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சேதுபதி கடைசி மேசையில் தனியாகப் பேத்தைகளோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் மாணவர்கள் போனதும், சுபைதா கடைசி மேசை ஓரத்தில் இருந்த ஒரு எனாமல் தட்டைக் காட்டினாள்.

“அண்ணே, மடவைச் சினையெல்லாம் இதுல எடுத்து வச்சிருக்கேன். மருந்து எதுவும் படல. வீட்டுக்குக் கொண்டுபோங்க.”

“எம் மக அழகுக்கு இதுன்னா உசுரும்மா,” என்று தங்கச்சாமி தட்டோடு எடுத்து, வாழையிலையில் பொதிந்துகொண்டான். போன வருசத்தைவிடச் சினை கூடுதலாக இருப்பதுபோல் பட்டது. சந்தோஷம்தான் பட்டான்.

மனைவி அக்கம்மாள் மிளகும் உப்பும் போட்டுப் பொரித்துக் கொடுத்தாள். அவளுக்குச் சினை வாடையே ஆகாது. பாதியைச் சோற்றோடு தின்றுவிட்டு, மீதியைத் தட்டு போட்டு மூடச் சொன்னான்.

“நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புள்ளைக்குக் குடு. ஆறிப்போச்சுன்னு தூரப் போட்டுறாத.”

ஒன்றே முக்காலுக்கு லேபுக்குத் திரும்பினான். கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவ உட்கார்ந்தபோது உதடு குறுகுறுத்தது. மிளகு கூடிவிட்டது என்று தண்ணீர் குடித்தான். தண்ணீர் உதட்டில் பட்டதே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகளும் மரத்தன. அந்தச் சமயத்தில் சேதுபதி உள்ளே வந்து கடைசி மேசையில் எதையோ தேடினார்.

“தங்கச்சாமி, காலையில பிரின்சிபால் கூப்பிட்டாருன்னு கைல இருந்ததை இங்க ஒரு தட்டுல வச்சுட்டுப் போனேன். பேத்தைச் சினை. எடை பாக்கணும். எங்கப்பா அது?”

தங்கச்சாமிக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. அடுத்த நொடி எல்லாம் விளங்கியது. அடுப்படியில் மூடி வைத்த தட்டு கண்முன்னால் வந்தது. எழுந்தான், கால் பஞ்சாகிப் போனது. “சார், வீட்ல... புள்ள...” என்று சொன்னதாகத்தான் அவன் நினைத்தான். வாயிலிருந்து வெளியே வந்தது வெறும் குழறல். கழுவிய ஸ்லைடெல்லாம் சிதற, மேசைக்கடியில் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து சேதுபதியின் முகம் தெரிந்தது. அது வெளிறிப்போவதும் தெரிந்தது.

சத்தம் கேட்டுச் சுபைதா ஓடி வந்தாள். “என்ன சார் ஆச்சு?”

“தெரியல. திடீர்னு விழுந்துட்டான்,” என்றார் சேதுபதி.

கல்லூரி வேனிலேயே அள்ளிப் போட்டு, டாக்டர் ஹபீப் ரகுமானின் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் தங்கச்சாமி நாக்கைப் புரட்டப் பார்த்தான். நாக்கு அவனுடையதாக இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் கை எழவில்லை. கட்டிலில் கிடத்தும்போது இமையும் விழுந்துவிட்டது. காது மட்டும் மிச்சமிருந்தது. அது முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது.

“லேபுல பழைய சாமான் நெறைய கெடக்குமா? கட்டுவிரியன் தீண்டியிருந்தாலும் இப்படித்தான் இழுக்கும். கடிவாய் பாருங்க,” என்றார் டாக்டர். ஒரு நர்ஸ் அவன் காலையும் கையையும் திருப்பித் திருப்பித் தேடினாள். அதற்குள் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. நெஞ்சைத் தூக்கப் பார்த்தான், நெஞ்சு எழவில்லை. தண்ணீருக்கடியில் ஆளைப் பிடித்து அமுக்கியதுபோல இருந்தது. இமையைத் தூக்கி டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் சுட்டது; ஆனால் கண்ணை அசைக்க முடியவில்லை.

“கண்ணு பாப்பா அசையல. ஆனா நாடி ஓடுது. ஆபரேஷன் ரூம்ல இருக்க மூச்சுப் பையை எடுத்துட்டு வாங்க.”

முகத்தில் ரப்பர் மூடியை அழுத்தினார்கள். ஒரு அமுக்கு, காற்று உள்ளே வந்தது. இன்னொரு அமுக்கு. நர்ஸ் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டு, சுபைதாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். டாக்டர் விஷமுறிவு மருந்துக்குப் போன் பண்ண முன்னறைக்குப் போனார். நர்ஸ் சிரிஞ்சைக் கொதிக்க வைக்கப் போனாள். அறையில் அவனும் சுபைதாவும் சேதுபதியும்தான். சுவர்க் கடிகாரம் மூன்றரை மணிக்கு ஒருமுறை அடித்தது.

இன்னும் முக்கால் மணி நேரம் என்று தங்கச்சாமி கணக்குப் போட்டான். அழகு மூன்றாம் வகுப்பு. மணி அடித்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவாள். கால் கழுவுவதற்கு முன்னாலேயே அடுப்படியைத்தான் எட்டிப் பார்ப்பாள். “சொல்லுங்க சார்,” என்று உள்ளுக்குள்ளேயே கத்தினான். “ஒங்களுக்குத் தெரியும்ல. சொல்லுங்க.”

சுபைதாதான் பேசினாள். “சார், நான் குடுத்தது மடவைச் சினைதான். கெட்டுப்போயிருந்தாக்கூட இப்படியா ஆகும்?”

பை ஏறி இறங்கியது.

“சார்?”

“மெதுவாப் பேசு.” சேதுபதியின் குரல் பக்கத்தில் வந்தது. “என் பேத்தைச் சினையும் அந்தத் தட்டுலதான் இருந்திருக்கு. அவசரத்துல வச்சுட்டேன்.”

“அல்லா! அப்ப டாக்டர்கிட்ட...”

“கேளும்மா. இதுக்கு மாத்து மருந்தே கிடையாது. மூச்சு குடுக்கிறதுதான் வைத்தியம். அதைத்தான் இப்பவும் செய்றாங்க. பாம்புன்னு இருந்தாலும் இதேதான், பேத்தைன்னு சொன்னாலும் இதேதான். சொல்லி என்ன மாறப்போவுது? குடுத்தது நீ. வச்சது நான். ரெண்டு பேரு வேலையும் போகும். அவனாக் கேக்காம எடுத்துட்டுப் போனான்னு இருந்தா, யாருக்கும் கேடு இல்ல.”

பை நின்றது.

தங்கச்சாமி அடுத்த காற்றுக்குக் காத்திருந்தான். வரவில்லை. காதுக்குள் ரத்தம் இரைந்தது. இந்தப் பொண்ணு யோசிக்குது என்று புரிந்தது. யோசித்து முடிக்கிறவரைக்கும் நான் தாங்கணுமே என்று நினைத்தான். கடிகாரம் நாலைந்து தடவை துடித்தது.

திடீரென்று காற்று வந்தது. அடுத்தடுத்து, முரட்டுத்தனமாக வந்தது.

“சார், இவுக வீட்ல ஒரு புள்ள இருக்கு,” என்றாள் சுபைதா. குரல் உடைந்திருந்தது. “அழகுக்கு உசுருன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனாக. மிச்சம் வச்சிருப்பாக!”

நாற்காலி ஒன்று தரையில் விழுந்தது. “வீடு எங்க?” என்றார் சேதுபதி. வீடு எந்தத் தெரு என்று சுபைதாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மஞ்சப் பிள்ளையார் கோயில் சந்து, மூணாவது வீடு என்று தங்கச்சாமி மனசுக்குள்ளேயே நூறு தடவை சொன்னான். செருப்புச் சத்தம் வெளியே ஓடியது. வேன் கிளம்பியது.

“டாக்டர்!” என்று சுபைதா அலறினாள். டாக்டர் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னாள்: தட்டு, சினை, தான் கொடுத்தது, சேதுபதி வைத்தது.

டாக்டர் தங்கச்சாமியின் நாடியை மறுபடி பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்ப இந்த மனுசனுக்கு நெனவு தப்பல. நாம பேசுறது எல்லாம் இவருக்குக் கேட்டுக்கிட்டிருக்கும். இனிமே எல்லாரும் பாத்துப் பேசுங்க. பைய மட்டும் விட்றாதீங்க.” குனிந்து காதருகே வந்தார். “தங்கச்சாமி, பயப்படாதீக. விஷம் எறங்குற வரைக்கும் ஒங்களுக்காக நாங்க மூச்சு விடுறோம்.”

நாலு அடித்தது. நாலேகால் ஆனதை அவன் துடிப்பை எண்ணித்தான் அறிந்தான். நாலரைக்கு ஒருமுறை அடித்தது. வேன் வரவில்லை. இந்நேரம் அவள் தின்று முடித்திருப்பாள். உதடு குறுகுறுக்குதும்மா என்பாள். அக்கம்மாள் மிளகு என்பாள். அழக்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை.

ஐந்து அடிக்கப் போகும்போது வாசலில் அக்கம்மாளின் ஓலம் கேட்டது. உள்ளே ஓடி வந்து அவன் மேல் விழுந்தாள். “என்ன விட்டுட்டுப் போயிட்டீகளே!” டாக்டர் அவளைத் தூக்கி நிறுத்தி, உயிர் இருக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“புள்ள?” என்றாள் சுபைதா.

“புள்ளையா? அந்தா நிக்கிது பாருங்க,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் அக்கம்மாள். “யாரோ ஒரு ஆளு, தெருவெல்லாம் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு ஓடியாந்தாக. செருப்போட அடுப்படிக்கே வந்துட்டாக. அவ அப்பத்தான் ஒரு துண்ட வாயில போட்டா. தொண்டைக்குள்ள விரல விட்டு நோண்டி எடுத்தாக! இவ நறுக்குன்னு கடிச்சிட்டா. உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி வாந்தி எடுக்க வச்சு, இங்க தூக்கியாந்தாக. நான் திருடன்னு நெனச்சு அகப்பையால அடிச்சுக்கூடப் போட்டேன்.”

“அப்பா தூங்குறாரா?” என்றது அழகின் குரல். குழறல் இல்லாமல், தெளிவாக. தங்கச்சாமி அந்தக் குரலை எழுத்து எழுத்தாகக் கேட்டான்.

சுபைதாவும் நர்சுகளும் மாறி மாறி விடிகிற வரைக்கும் பையை அமுக்கினார்கள். காலையில் அவன் சுண்டுவிரல் அசைந்தது. மத்தியானம் தானாக மூச்சு விட்டான். அழகை ஒரு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேதுபதி தனியாக வந்தார். வலதுகை ஆள்காட்டி விரலில் கட்டு. அதற்குள் கல்லூரியில் விசாரணை தொடங்கியிருந்தது. லேப் பொருளை வெளியே கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. சுபைதாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் சேதுபதி பெயரைச் சொன்னாள். ஆனால் துறைத் தலைவர் சொல்லுக்கு முன்னால் ஆறு மாதத்து டியூட்டர் சொல்லை யார் எடுப்பார்கள்? அக்கம்மாள் இதையெல்லாம் விசாரித்து வந்து சொல்லியிருந்தாள்.

சேதுபதி ஸ்டூலில் உட்கார்ந்தார். நலம் விசாரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அன்னைக்கி... இங்க பேசுனது எதுவும் ஒனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார்.”

“எவ்வளவு?”

“முழுசும்.”

வெளியே குதிரைவண்டி ஒன்று போனது.

“எம் மகளக் காப்பாத்துனீக,” என்றான் தங்கச்சாமி. பேச்சு இன்னும் கொஞ்சம் கொழகொழத்தது. “அதுக்கு ஒங்க காலத் தொட்டுக் கும்பிடலாம். நான் செத்தாலும் பரவால்லன்னு பேசுனதும் நீங்கதான். ரெண்டையும் ஒண்ணா நெனச்சா எனக்குத் தல சுத்துது. ஒண்ணே ஒண்ணு செய்யிங்க. நடந்தத எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு மேல பழி வேண்டாம்.”

சேதுபதி பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். கட்டுப் போட்ட விரலோடு, மடியில் ஒரு பலகையை வைத்து எழுதினார். எழுதி முடித்து நீட்டினார். தங்கச்சாமியின் விரல்களுக்குத் தாளைப் பிடிக்கிற வலு இன்னும் வரவில்லை.

“வாசிங்க சார்.”

வாசித்தார். பேத்தையின் சினையைத் தவறுதலாகப் பொதுத் தட்டில் வைத்தேன், அதை அறியாமல் டியூட்டர் கொடுத்துவிட்டார், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று இருந்தது.

“நல்லா இருக்கு,” என்றான் தங்கச்சாமி. “இன்னொரு வரி விட்டுப்போச்சு.”

“எது?”

“தெரிஞ்சும் டாக்டர்கிட்டச் சொல்லாம நின்னீகளே. அது.”

சேதுபதி அவனை நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சாமி கண்ணை எடுக்கவில்லை. அவர் பேனா மூடியை மறுபடி கழற்றி, தாளின் அடியில் இருந்த இடத்தில், எழுத்தைச் சிறிதாக்கி எழுதத் தொடங்கினார்.